பெட்டி நிறையக் காற்று

மூன்று மணி நேரத்துக்கு மேல் உழவு இயந்திரத்தில் குலுங்கிப் போய் இலங்கை வன்னியில் உள்ள ஒட்டுசுட்டானில் இறங்கியபோது, செங்கல் சூளைக்கார ஐயா இயந்திரத்தின் பின்னால் பூட்டியிருந்த இழுவைப் பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். உமி நிரப்பிய உரப்பைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கயிறு தெறிக்கிற மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தேன். ஐயா கீழே கிடந்த ஒரு பையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஒரு இரவுக்கே காணாதே" என்றார்.

அது 2017 மாசி மாதம். பெரும்போக அறுவடை முடிந்து, பரந்தன் பக்கத்து அரிசி ஆலைகளின் பின்னால் உமி மலை மலையாகக் கிடந்த நேரம். சும்மா கிடப்பதை அள்ளிக்கொண்டு போய் எரிபொருளாக விற்கலாம் என்று நினைத்தேன். காட்டு மரம் வெட்டுவது கொஞ்சமாவது குறையும் என்ற ஆசையும் உண்மையாகவே இருந்தது. போர் முடிந்த 2009க்குப் பிறகு ஊர் திரும்பி வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் கல் வேண்டும், கல்லுக்குச் சூளை வேண்டும், சூளைக்கு விறகு வேண்டும். முத்தையன்கட்டுப் பக்கம் காடு எப்படி மெலிந்தது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

ஐயா தராசைக் கொண்டுவரச் சொன்னார். 62 பைகள். ஒரு பை ஒன்பது கிலோ, பத்துக் கிலோ. கூட்டிப் பார்த்தால் 600 கிலோகூட வரவில்லை. இரண்டு டன்னுக்கு மேல் நெல்லைச் சிரமமில்லாமல் இழுக்கிற பெட்டி அது. போக வர 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடி, ஏறக்குறைய 20 லீற்றர் டீசல் குடித்து, நான் கொண்டுபோய்ச் சேர்த்தது பெரும்பாலும் காற்று.

திரும்பி வந்து மகளின் பள்ளிக்கூடக் கொப்பியில் கணக்குப் போட்டேன். தளர்வாகக் குவித்த உமி, ஒரு கன மீற்றருக்கு 100 கிலோவுக்குச் சற்றுக் கூட நிறுக்கும், அவ்வளவுதான். ஒரு லீற்றர் டீசல் தருகிற வெப்பத்தைப் பெற ஏறக்குறைய மூன்று கிலோ உமியை எரிக்க வேண்டும். அப்படியென்றால் 20 லீற்றர் டீசல் என்பது 60 கிலோ உமி. பத்துப் பை ஏற்றினால் ஒரு பை வழியிலேயே எரிந்து போகிறது. வெப்பக் கணக்கு இது. பணக் கணக்கு இதைவிடக் கொடுமை, ஏனென்றால் உமி மலிவு, டீசல் மலிவில்லை. அந்தப் பயணத்தில் எனக்கு மிஞ்சியது முறிகண்டிப் பிள்ளையாரில் உடைத்த தேங்காய்ச் சொட்டு மட்டும்தான்.

உமி, விறகு, கரி போன்ற உயிர்ம எரிபொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை எப்படிச் செய்வது என்றே பேசுகிறார்கள். செய்வதைப் படித்துக்கொள்ளலாம். செய்ததை எரிக்கிறவரின் அடுப்படிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் இந்தத் தொழில் நிற்கும் அல்லது விழும். எட்டு வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். யாராவது தொடங்க நினைத்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டாவது பயணத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. தறப்பாள் போதாமல் பின்பக்கம் ஒரு முழம் திறந்தபடி இருந்தது. ஒரு பையின் வாய் அவிழ்ந்து ஏ9 வீதியில் உமி பறந்திருக்கிறது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த தம்பி ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டு வீதியோரப் புல்லுக்குள் இறங்கிவிட்டார். மணலில் இருக்கிற சிலிக்கா உமியிலும் நிறைய உண்டு, நுனியும் கூர். கண்ணுக்குள் போனால் அறுக்கும். அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய காயம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பொலிஸ்காரர் என்னிடம் பேசியது கடுமையாகத்தான் இருந்தது, அதில் தவறு ஒன்றும் இல்லை. அன்றோடு தளர்ந்த உமி ஏற்றுவதை விட்டேன். இப்போது யாராவது உமி ஏற்றினால் பெட்டி முழுக்க மூடுகிற ஒரே தறப்பாள் வேண்டும், இரண்டு துண்டுகளை ஒட்டுப்போட்டு மூடக்கூடாது, பை வாய்களை ஊசியால் தைக்க வேண்டும் என்று கட்டாயம் சொல்லிவிடுவேன்.

சரி, காற்றை எப்படி வெளியேற்றுவது? அழுத்த வேண்டும். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கூட்டாக ஒரு அழுத்தும் இயந்திரம் வாங்கினோம். திருகு ஒன்று உமியைச் சூடான குழாய்க்குள் தள்ளும். அந்தச் சூட்டில் உமியில் இயற்கையாக இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி, தானே பசையாகிவிடும். கோதுமைப் பசை, களிமண் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. நடுவில் துளையுள்ள, வெளித்தோல் கறுத்த கட்டையாக வெளியே வரும். ஊரில் அதை உமிக்கட்டை என்றே சொல்கிறோம். இப்போது அதே பெட்டியில் விளிம்பு மட்டத்துக்கு அடுக்கினாலே இரண்டு டன்னுக்குக் கிட்ட வருகிறது. அதே டீசலில் மூன்று மடங்குக்கு மேல் எரிபொருள் போகிறது.

இயந்திரத்தைப் பற்றி இரண்டு விசயம் மட்டும் சொல்கிறேன். உமியின் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டைத் தாண்டினால் உள்ளே நீராவி அடைபட்டு, கட்டை வெடித்துச் சிதறி வரும். அப்படி வந்த கட்டை பார்வைக்கு முழுசாக இருந்தாலும் உள்ளே வெடிப்பு இருக்கும், ஏற்றி இறக்குவதற்குள் உடைந்துவிடும். மற்றது, உமியின் சிலிக்கா திருகைத் தேய்த்துத் தின்னும். தேய்ந்த திருகில் வரும் கட்டை இறுக்கமில்லாமல் இருக்கும். போக்குவரத்தில் தூளாகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் முதலில் நான் பார்ப்பது வாகனத்தை இல்லை, திருகைத்தான். வெல்டிங் கடைக்காரர் அதற்கு இரும்பு ஏற்றித் தந்தால் மறுபடி சரியாகும்.

உடைவு சின்ன விசயம் போலத் தெரியும். புதுக்குடியிருப்பில் வெதுப்பகம் வைத்திருக்கும் அண்ணை ஒருவர்தான் அதைப் புரிய வைத்தார். அவருடைய பாண் சுடும் போறணையில் முழுக்கட்டைதான் நின்று எரியும். துளைக்குள்ளால் காற்றுப் போய், நெருப்பு ஒரே சீராக இருக்கும். தூள் போட்டால் புகையும், சாம்பலில் புதைந்து அணையும். "தம்பி, நீ நிறுத்துத் தாறது எனக்குக் கணக்கு இல்லை. அடுப்புக்குள்ள போறதுதான் கணக்கு" என்றார். அதன்பிறகு உடைந்ததை நாங்களே திருப்பி எடுத்துவந்து உமியோடு கலந்து மறுபடி அழுத்துகிறோம். பில்லில் முழுக்கட்டை மட்டும்தான் எழுதுவோம்.

ஏற்றும் முறையையும் மாற்றினோம். எறிந்து ஏற்றக்கூடாது, கையிலிருந்து கைக்கு மாற்ற வேண்டும். பெட்டியின் அடியில் ஒரு பாட்டம் வைக்கோல். கட்டைகளைப் படுக்கையாக, வாகனம் போகும் திசைக்குக் குறுக்கே அடுக்கினால் பிரேக் அடிக்கும்போது ஒன்றையொன்று குத்தாது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் பெருவீதியில் அவ்வளவாக ஒன்றும் உடையாது. வீதியை விட்டு உள்ளே, வாய்க்கால் கரையோரக் கிரவல் பாதையில் திரும்பிய பிறகு வருகிற கடைசி இரண்டு கிலோமீற்றர்தான் கட்டையை உடைக்கிறது. அந்தப் பாதைக்குப் பெரிய பெட்டியைக் கொண்டுபோக மாட்டோம். சந்தியில் இறக்கி, லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் பாதிப் பாதியாகக் கொண்டுபோவோம். நேரம் கூடும். ஆனாலும் தூளாவது குறையும்.

இனி மழை.

உமிக்கட்டைக்குத் தண்ணீரைப் போல எதிரி வேறில்லை. அழுத்தி வைத்த உமி தண்ணீர் பட்டதும் பழைய ஞாபகம் வந்ததுபோல் ஊதிப் பெருத்து, பொலபொலவென்று பழையபடி உமியாகிவிடும். 2018 டிசம்பர் வெள்ளத்தை கிளிநொச்சி, முல்லைத்தீவுக்காரர் யாரும் மறந்திருக்க முடியாது. இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து, ஒரே இரவில் தாழ்ந்த இடமெல்லாம் குளமானது. எங்கள் கொட்டிலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நான்கு டன் கட்டை. அடி வரிசை கரைய மேல் வரிசை சரிந்து அதுவும் கரைந்தது. விடிய வந்து பார்த்தபோது நாலு டன் சேறு.

நட்டத்தைவிட எனக்கு வலித்தது வேறு. இடம்பெயர்ந்த சனம் பள்ளிக்கூடங்களில் இருந்தது. அவர்களுக்குப் பாண் வேண்டும். பாண் போட வெதுப்பகம் தயார், மாவும் இருக்கிறது, ஆனால் போறணைக்குப் போட எரிபொருள் இல்லை. காட்டு விறகு நனைந்து ஊறிக் கிடக்கிறது. என்னுடையது சேறாகிவிட்டது. அண்ணை போன் எடுத்து, "உன்ர கட்டையை நம்பித்தானே விறகு எடுக்காமல் விட்டனான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாகத் தைத்தது. அன்றைக்குப் பழைய கதவு, ஜன்னல் சட்டம், வாசலில் நின்ற பட்ட வேம்பு என்று கிடைத்ததை எல்லாம் எரித்து அவர் பாண் போட்டார்.

அந்த மாரிக்குப் பிறகு எங்கள் விநியோக ஒழுங்கையே தலைகீழாக மாற்றினோம். வன்னியில் உமி கிடைக்கிற காலமும் எரிபொருள் வேண்டிய காலமும் ஒன்றல்ல. உமி மாசி, பங்குனியில் குவியும். சிறுபோகம் வெட்டிய பிறகு இன்னும் கொஞ்சம் வரும். கட்டைக்கு ஆட்கள் அலைவது ஐப்பசி தொடங்கி மார்கழிவரை, விறகு நனைகிற காலத்தில். அந்த நேரத்தில் வாகனம் ஓட்டி ஏற்றிப் போவோம் என்று இருந்தால் ஏமாந்துபோவோம். வட்டுவாகல் பாலத்தில் நீர் ஏறினால் முல்லைத்தீவுப் பக்கம் வழி அடைபடும், உள் வீதிகளில் சின்ன மதகுகள் பலது மூழ்கும். ஆகவே மாரிக்கு வேண்டியதை ஆவணி, புரட்டாதிக்குள் வாடிக்கையாளரின் இடத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிறோம்.

இதற்கு இரண்டு தடை இருந்தது. வெதுப்பகக்காரருக்கு மூன்று மாதச் சரக்குக்கு ஒரேயடியாகப் பணம் போட வசதியில்லை. வைக்க உலர்ந்த இடமும் இல்லை. பணத்துக்கு நாங்கள் ஒரு ஒழுங்கு செய்தோம்: இறக்கும்போது பாதி, மீதியை எரிக்க எரிக்க மாதம் மாதம். இதில் எங்கள் பணம் முடங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் மாரியில் பாதி வழியில் நின்று நனைகிற ஒரு பெட்டியின் விலையைவிட அது குறைவு. இடத்துக்கு, பனஞ்சலாகையில் ஒரு முழ உயர மேடை அடித்து, நான்கு பக்கமும் காற்றுப் போகிற மாதிரிச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கச் சொல்லிக் கொடுத்தோம். மேடை அடிக்காத இடத்தில் மாரிச் சரக்கு இறக்குவதில்லை என்று இன்றுவரை பிடிவாதமாக இருக்கிறோம். சிலர் கோபித்தார்கள். மேடை அடித்தவர்கள் அடுத்த வருடமும் எங்களிடமே வாங்கினார்கள்.

விறகைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் பெரும்பாலான வீடுகளின் உயிர்ம எரிபொருள் இன்னும் விறகுதான். நாங்கள் வேலிக்கு நட்டிருக்கும் சீமைக்கிளுவையை (கிளிரிசிடியா) வெட்டி விற்கத் தொடங்கினோம். காட்டைத் தொடாமல், வெட்ட வெட்டத் தழைக்கிற மரம். இலங்கையில் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அதை அறிவித்தது இந்த எரிபொருள் பயனையும் மனதில் வைத்துத்தான். ஆனால் பச்சையாக வெட்டிய தடியில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு டன் பச்சை விறகு ஏற்றினால் 500 கிலோ தண்ணீரையும் சேர்த்துத்தான் இழுக்கிறோம். உமியில் காற்று என்றால் இதில் தண்ணீர். கொண்டுபோய்ச் சேர்த்த பிறகும் தொல்லை தீராது. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கவே நெருப்பின் ஒரு பங்கு போகும். புகை குடிப்பது சமைக்கிற பெண்கள்.

வைகாசியில் வெட்டி, பிளந்து, சோளகக் காற்றில் மூன்று மாதம் அடுக்கி வைத்தால் வன்னி வெயில் அதை ஐந்தில் ஒரு பங்கு ஈரத்துக்கு இறக்கிவிடும். காசு இல்லாமல் கிடைக்கிற உலர்த்தி அது. உலர்ந்த இரண்டு தடியைத் தட்டினால் கிணுங்கென்று சத்தம் வரும், பச்சை தடி மொத்தென்று கேட்கும். விறகை நிறைக்கு விற்கும் பழக்கத்தில் ஒரு அநியாயம் இருக்கிறது. ஈரமாக விற்பவனுக்கு இலாபம், உலர்த்தி விற்பவனுக்கு நட்டம். அதனால் நாங்கள் விறகைக் கட்டுக் கணக்கில் விற்கிறோம். ஒரு அளவான இரும்பு வளையத்துக்குள் அடங்குகிற கட்டு. வாங்குகிறவருக்கும் பார்த்தவுடன் புரியும்.

என் அப்பா 90களில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சைக்கிளில் விறகு கட்டி விற்றவர். பெற்றோல், டீசல் இல்லாத காலம். இருந்த வாகனங்களும் நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடின. கரியரில் இரண்டு பக்கமும் தடி கட்டி, அதன் மேல் குறுக்காக விறகு அடுக்கி, நூறு கிலோவுக்கு மேல் தள்ளிக்கொண்டு நடப்பார். கனமான தடி அடியில், அச்சுக்கு நேரே, மெல்லியது மேலே, முன்பக்கம் ஒரு சாண் கூடுதலாக, இல்லாவிட்டால் ஹான்டில் தூக்கும். இன்றைக்கு லாண்ட்மாஸ்டர் பெட்டி ஏற்றும்போதும் அந்த ஒழுங்கைத்தான் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பின்பாரம் கூடினால் லாண்ட்மாஸ்டரின் முன்பக்கம் எழும்பும், வாய்க்கால் மதகு ஏற்றத்தில் அது உயிராபத்து.

இன்னொரு நடைமுறை விசயம். விறகு ஏற்றிய வாகனத்தை வழியில் மறிப்பார்கள், மறிக்கவும் வேண்டும், காட்டைக் களவாக வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் காணியில் வெட்டியது என்பதற்கு விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், காணி உறுதியின் பிரதி, எந்த மரம், எவ்வளவு, எங்கே போகிறது என்ற குறிப்பு, மூன்றும் சாரதியின் கையில் இருக்கும். வேறு மரம் ஏற்றுவதென்றால் வன இலாகாவில் முதலே கேட்டுத் தெரிந்துகொள்வோம். ஒருநாள் கடிதத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போய், நெடுங்கேணிப் பக்கம் பின்னேரம்வரை நின்றோம். இருட்டிய பிறகு அந்த வழியில் யானை. அதன்பிறகு நாலு மணிக்குப் பின் அந்தப் பக்கம் வண்டி விடுவதில்லை என்று முடிவெடுத்தோம்.

சிரட்டைக்கரி ஏற்றியது தனிக் கதை. கரி என்றால் நிறை குறைவு, வெப்பம் கூட. உமியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். முள்ளியவளையில் ஒருவர் இரும்புப் பரலில் (பீப்பாயில்) சிரட்டையைச் சுட்டுக் கரி செய்தார். கிளிநொச்சியில் கொத்துரொட்டிக் கடைகளும் உடுப்பு அயன் பண்ணுகிற கடைகளும் கேட்டன. ஒரு நாள் காலையில் திறந்த பரலின் கரியை மத்தியானமே பையில் போட்டு ஏற்றிவிட்டோம். தொட்டுப் பார்த்தோம், ஆறித்தான் இருந்தது. விசுவமடு தாண்டும்போது பின்னால் வந்த லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக் கையைக் காட்டினார். தறப்பாளின் கீழே புகை. நடுவில் இருந்த இரண்டு பைகள் உள்ளே செந்தணலாக இருந்தன. வீதியோர வீட்டு அக்கா ஒருவர் ஒன்றும் கேட்காமல் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளித் தந்தார். தறப்பாளும் பைகளும் போயின, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

புதுக்கரி காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்துத் தானாகச் சூடேறும் தன்மை உடையது. பரப்பி வைத்தால் அந்தச் சூடு பறந்துவிடும். பையில் அடைத்து நெருக்கி அடுக்கினால் நடுவில் சேர்ந்து கொண்டே போய் ஒரு கட்டத்தில் தானே பற்றும். மேற்புறம் தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று முடிவு செய்தது என் பிழை. இப்போது சுட்ட கரியைக் கூரையின் கீழ் மெல்லிய படையாகப் பரப்பி இரண்டு முழு நாள் விடுகிறோம். பையில் போட்டு இன்னும் ஒரு இரவு கொட்டிலுக்கு வெளியே, வீட்டைவிட்டுத் தள்ளி வைத்து, காலையில் பையின் நடுவுக்குள் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் ஏற்றுவோம். அவசரமாக வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு இந்தச் சம்பவத்தையே சொல்லிவிடுவேன்.

திரவ எரிபொருளில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. நண்பர் ஒருவர் கிளிநொச்சிக் கடைகளில் வடை, ரோல்ஸ் பொரித்து மிஞ்சிய தேங்காய் எண்ணெயைச் சேர்த்து, தன் தோட்டத்துத் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கு எரிபொருளாக்கினார். பக்கத்துத் தோட்டக்காரர் இருவருக்கும் கான்களில் கொண்டுபோய்க் கொடுத்தார். மார்கழி, தை விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் எங்கள் வீட்டுப் போத்தலிலேயே உறையும், 24, 25 பாகைக்குக் கீழே போனால் போதும். பதப்படுத்தாத எண்ணெயை அப்படியே கலந்து கொண்டுபோன நாளில் கானின் வாய் அடைபட்டு, வெயில் ஏறும்வரை மெசின் ஓடவில்லை. பிறகு முறைப்படி மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் கொண்டு பயோடீசலாக மாற்றினார். உறைவது நின்றது, வேறு பிரச்சினை வந்தது. பழைய ரப்பர் குழாய் ஊதி மெத்தென்றானது. தாங்கியின் அடியில் பல வருடம் படிந்த அழுக்கை அது கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டியை அடைத்தது. நாகம் (துத்தநாகம்) பூசிய வாளியில் வைத்ததில் நிறம் மாறி வண்டல் விழுந்தது.

அவர் இப்போது சொல்வது இதுதான்: கெட்டியான பிளாஸ்டிக் கான் மட்டும், அதுவும் பயிருக்கு அடிக்கிற கிருமிநாசினி வந்த கானாக இருக்கக் கூடாது, வாய்வரை நிரப்பி இறுக மூடினால் ஈரம் சேராது, செய்த திகதியை எழுதி, ஆறு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். மிச்ச மெதனோல் முழுக்கப் போகாத எரிபொருளை வெயிலில் மூடிய கானில் கொண்டுபோவது மிக ஆபத்து. சரியாகச் செய்த பயோடீசல் லேசில் பற்றாது, மெதனோல் ஆவி ஒரு பொறிக்கே பற்றும். கோஸ்டிக் சோடா என்றதும் எனக்குப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் எங்கள் ஊரிலேயே அது உற்பத்தியானது. இப்போது ஒரு சின்னப் பை வாங்க எத்தனை கடை ஏற வேண்டியிருக்கிறது.

சாண எரிவாயுவை நான் கொண்டுபோக நினைத்ததே இல்லை. அக்கராயனில் பண்ணை வைத்திருக்கும் மச்சாளின் வீட்டில் நன்றாக எரிகிறது. அதை அமுக்கிச் சிலிண்டரில் அடைக்கிற வசதி எங்களிடம் இல்லை. அது இருக்கிற இடத்திலேயே எரியட்டும்.

பிறகு 2022 வந்தது. எரிபொருள் வரிசைகள், இரவிரவாகக் காவல். ஜூன் மாதக் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய். 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் 5,000 ரூபாயை நெருங்கியது, அதுவும் கிடைத்தால். ஆவணியில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. என் போன் ஓயவில்லை. வவுனியாவிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து, ஒரு தடவை தம்புள்ளைப் பக்கத்திலிருந்துகூடக் கேட்டார்கள். உமிக்கட்டைக்கு அவ்வளவு தேவை வந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் அதைக் கொண்டுபோக வேண்டியது டீசலில். கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலம். உழவு இயந்திரத்துக்குக் கிடைத்த டீசலைக் கட்டை ஏற்றச் செலவழித்தால் வயல் யார் உழுவது?

அப்போது மூவரும் இருந்து பேசி, கொட்டிலிலிருந்து 20 கிலோமீற்றருக்குள் மட்டும் கொடுப்பது, அதற்கு வெளியே பழைய வாடிக்கையாளருக்கு மாதம் ஒரே ஒரு பயணம் என்று முடிவெடுத்தோம். பெரிய காசோடு வந்த தூரத்து ஓடர்களைத் திருப்பி அனுப்பினோம். கூட்டாளி ஒருவருக்கு மனவருத்தம்தான். ஆனால் அந்தக் காசு நின்ற பிறகும் எங்களிடம் வாங்கப் போகிறவர்கள் இந்த 20 கிலோமீற்றருக்குள்தான் இருந்தார்கள். அதே காலத்தில் ஆலைகள் உமியைக் கொடுக்கத் தயங்கின. நெல் அவிக்க அவர்களுக்கும் உமிதானே எரிபொருள். ஒரு ஆலையோடு கட்டை கொடுத்து உமி வாங்கும் பண்டமாற்றுக்கு வந்தோம். அவர்களின் கொதிகலனுக்கும் கட்டை வசதியாக இருந்தது.

வெறும் பெட்டியோடு திரும்பி வருவதைக் குறைத்ததும் அப்போதுதான். முல்லைத்தீவுப் பக்கம் கட்டை இறக்கினால் முள்ளியவளையில் சிரட்டை ஏற்றிக்கொண்டு வருவோம். வெதுப்பகத்துச் சாம்பலையும் பையில் கட்டித் தருகிறார்கள். உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டச் சாம்பல் மிஞ்சும், அதை வாங்கத் தோட்டக்காரர் இருக்கிறார்கள். திரும்பும் பாரம் இல்லாத ஊருக்குப் போவதென்றால் நான்கைந்து வாடிக்கையாளரின் தேவை சேரும்வரை காத்திருப்போம்.

இத்தனைக்குப் பிறகும் எனக்குச் சரியாகக் கைவராதது ஒன்று உண்டு. வெதுப்பகத்துக்கு ஒரு டன் கொடுக்கலாம், ஆலைக்கு இரண்டு டன் கொடுக்கலாம். ஒரு கிழமைக்குப் பத்துக் கிலோ மட்டும் வேண்டிய வீட்டுக்கு எப்படிக் கொடுப்பது? எங்கள் பக்கத்தில் பெண்கள் தனியாகத் தாங்குகிற குடும்பங்கள் நிறைய. புருசனைப் போரில் இழந்தவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். அவர்கள்தான் விறகுக்குக் காட்டோரம் போய்ப் பாம்புக்கும் யானைக்கும் பயந்து தலைச்சுமையாகக் கொண்டு வருகிறவர்கள். உமிக்கட்டை யாருக்காவது உண்மையாகப் பயன்பட வேண்டுமென்றால் அவர்களுக்குத்தான். ஆனால் ஒழுங்கை ஒழுங்கையாகப் பத்துப் பத்துக் கிலோ இறக்கினால் வாகனக் கூலி கட்டையின் விலையைத் தாண்டும்.

முதலில் ஓட்டோவில் கொடுத்துப் பார்த்தோம், கட்டுப்படியாகவில்லை. வீட்டுக்கு வீடு முற்பணம் வாங்கிப் பார்த்தோம். மாதக் கடைசியில் யாரிடமும் காசு இல்லை. இப்போது ஊர்ச் சங்கக்கடையின் (கூட்டுறவுக் கடையின்) பின்தாழ்வாரத்தில் மேடை அடித்து, ஐந்து கிலோக் கட்டுகளாகப் பனைநாரால் கட்டி, மாதம் ஒரு தடவை மொத்தமாக இறக்குகிறோம். அரிசி, சீனி வாங்க வருகிறவர்கள் சைக்கிள் கரியரில் ஒரு கட்டு வைத்துக்கொண்டு போகிறார்கள். கடனும் சங்கக்கடைக் கொப்பியிலேயே எழுதப்படுகிறது. கடைக்குக் கட்டுக்கு ஒரு சின்னத் தொகை கொடுக்கிறோம். கட்டு ஐந்து கிலோ என்று வைத்ததும் அவர்கள் சொல்லித்தான். பத்துக் கிலோ என்றால் பிள்ளையையும் முன்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிள் மிதிக்க முடியாதாம்.

போன கிழமை அங்கே சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்து, கட்டு அவிழாமல் இருக்க நாரை இரண்டு சுற்றுச் சுற்றித் தரும்படி கேட்டார். அவருடைய வீடு குளக்கட்டுக்கு அந்தப் பக்கம், பாதை குண்டும் குழியுமாம். இந்த மாதத்திலிருந்து எல்லாக் கட்டுக்கும் இரண்டு சுற்று.